ஜனாதிபதி உட்ரோ வில்ஸன் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருபத்தெட்டாவது ஜனாதிபதியாக 1913-ம் வருஷம் முதல் 1921-ம் வருஷம் வரை வீற்றிருந்த உட்ரோ வில்ஸன் என்பாரது பெயரைக் கேளாதார் கற்றோருள் மிகச் சிலரே. முதல் மகாயுத்தத்தின் முடிவில் ஐரோப்பாவின் பட்டணங்களில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் தெருவில் நின்று பூச்சொரிந்து வரவேற்ற மனிதர் அவர். அத்தகையாரின் பெயரை, அவர் தலைவராயிருந்து வளர்த்த பிரின்ஸ்டன் சர்வகலாசாலையே 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தன் அரசியற் கல்விச்சாலையின் முகப்பினின்றும் நீக்கிவிட்டது. 2022-ம் வருஷத்தில் வாஷிங்டன் நகரத்து உயர்தரப் பாடசாலையொன்றும் அவர் பெயரைக் களைந்து வேறு பெயர் பூண்டது. தொழிலாளிக்கும் குடியானவனுக்கும் நன்மை பயந்த பல சட்டங்களுக்குக் காரணராயிருந்தவரை இவ்வாறு இழிவுபடுத்தலாகுமோ என்று ஒரு சாராரும், அந்நன்மையில் பங்கு பெறாது வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதைக் கேளாது புகழ்வது எங்ஙனம் என்று மற்றொரு சாராரும் இன்றுவரை வாதித்து வருகின்றனர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற விழைவோர், அவருடைய சரித்திரத்தைத் தொடக்கத்தினின்றும் அறிதல் வேண்டும்.

வில்ஸன் 1856-ம் வருஷம் டிசம்பர் மாதம் 28-ந் தேதி வர்ஜீனியா ராஜ்யத்தைச் சேர்ந்த ஸ்டாண்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ சபையின் போதகர், சொல்வன்மை மிக்கவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் ஜார்ஜியா ராஜ்யத்து அகஸ்டா நகரத்திற் குடியேறிற்று. அடிமைகளை வைத்துக்கொள்ளும் உரிமைக்காகத் தென் ராஜ்யங்கள் வட ராஜ்யங்களோடு பொருத உள்நாட்டு யுத்தம் நிகழ்ந்தது இச்சிறுவரின் கண்முன்னரேயாம். தந்தையார் தென்னாட்டாரின் கட்சியையே ஆதரித்தார். தோற்ற நாட்டில், தோல்வியை மறவாத மக்களிடையே வளர்ந்தவர் வில்ஸன் என்பதை நாம் நினைவில் இருத்திக்கொள்வோமாக. பிள்ளை பத்து வயதளவும் செவ்வனே படிக்கக் கற்றிலர். ஆயினும் பின்னர் டாக்டர் பட்டம் பெற்று ஜனாதிபதி பதவியை அடைந்தவர் அந்நாட்டில் அவர் ஒருவரே.

பிரின்ஸ்டனில் 1879-ம் வருஷம் பட்டம் பெற்றபின் சட்டம் பயின்று அட்லாண்டா நகரத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். கட்சிக்காரர் வந்திலர், அவருக்கும் அத்தொழிலில் மனம் பொருந்தவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையிற் சேர்ந்து அரசியல் நூல்களைக் கற்று, அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் ஆட்சிமுறையைக் குறித்து 1885-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். அவ்வருஷமே எலன் ஆக்ஸன் என்னும் நங்கையை மணந்தார்; அவ்வம்மையார்பால் மூன்று புதல்வியர் பிறந்தனர். உபாத்தியாயராகச் சில கலாசாலைகளிற் பணியாற்றி, 1890-ம் வருஷம் பிரின்ஸ்டனுக்கே ஆசிரியராகத் திரும்பி, 1902-ம் வருஷத்தில் அதன் தலைவரானார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தமக்குள் சங்கங்கள் அமைத்து, ஏனைய மாணவரை விலக்கித் தனியே கூடியுண்டு களித்திருந்த வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. வில்ஸன் அதனை ஒழித்து மாணவர் அனைவரும் ஒருங்கே உறைந்து உண்ணும் ஏற்பாட்டைச் செய்ய முயன்றார். பழைய மாணவரான தனவந்தரின் எதிர்ப்பால் அம்முயற்சி நிறைவேறவில்லை. பந்தியிற் பேதங் கூடாதென்று போராடிய அதே தலைவர், கறுப்பின மாணவர் பிரின்ஸ்டனில் இடங்கேட்டு விண்ணப்பித்தலையே ஊக்கங்குன்றச் செய்து தடுத்தார். பின்னர் விரிவாக நிகழ்ந்தவற்றின் சிறு வடிவம் இங்கேயே காணக் கிடக்கின்றது.

1910-ம் வருஷம் நியூஜெர்ஸி ராஜ்யத்துக் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவிக்கு அவரை நிறுத்தியோர் கட்சியைத் தம் கைக்குள் அடக்கியிருந்த பெருந்தலைகள். புத்தகம் படித்த வாத்தியார் தம் சொற்படி ஆடுவாரென அவர்கள் நம்பினர். பதவியேறிய வில்ஸனோ அவர்களையே எதிர்த்து நின்றார். வேட்பாளரைக் கட்சிக்காரர் அறைக்குள் கூடி நியமித்தலை விடுத்து வாக்காளரே தெரிந்தெடுக்கும் முறை, தேர்தலில் லஞ்சத்தைத் தடுக்கும் சட்டம், வேலையில் ஊனமுற்ற தொழிலாளிக்கு நஷ்டஈடு முதலியன 1911-ம் வருஷத்திலேயே நிறைவேறின. இப்புகழே 1912-ம் வருஷத் தேர்தலில் அவரை டெமாக்ரடிக் கட்சியின் வேட்பாளராக்கிற்று. அதுவும் பால்டிமோர் மகாநாட்டில் நாற்பத்தாறு முறை வாக்கெடுத்த பின்னரேயாம். எதிர்க்கட்சியினர் டாஃப்ட் என்றும், முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் என்றும் இரண்டாகப் பிரிந்து நின்றமையால், மொத்த வாக்கில் நூற்றுக்கு 42 பங்களவே பெற்றும் வில்ஸன் வெற்றி எய்தினார். தென்னாட்டிற் பிறந்து, உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே முதல்வர். இத்தேர்தலில் டுபாய்ஸ், டிராட்டர் முதலிய கறுப்பினத் தலைவர்கள், எல்லார்க்கும் நீதி வழங்குவதாக அவர் அளித்த வாக்கை நம்பித் தம் மக்களை அவர் பக்கம் திருப்பினர் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

இனி அவர்தம் சீர்திருத்தங்களைக் காண்போம். இவற்றைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக ஜனாதிபதிகள் காங்கிரஸ் சபைக்குச் செய்தியை எழுத்து மூலம் அனுப்பி வந்தனர். வில்ஸன் 1913-ம் வருஷம் ஏப்ரல் மாதம் தாமே சபையிற் சென்று பேசினார். பேசியது சுங்கவரியைக் குறித்து. வெளிநாட்டுச் சரக்கின்மேல் விதிக்கப்பட்ட மிகு வரியால் உள்நாட்டு முதலாளிகள் கொழுத்தனர்; பொருள் வாங்கும் ஏழைகள் மெலிந்தனர். அவ்வரியைக் குறைத்து, குறைந்த வருவாய்க்கு ஈடாக வருமான வரியை விதித்தனர். ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேல் ஈட்டுவோர் மாத்திரமே அவ்வரி செலுத்துதல் வேண்டும். தொடக்கம் நூற்றுக்கு ஒன்று, பெருஞ்செல்வர்க்கு ஏழு. ஏழையின் தோளினின்றும் சுமையை எடுத்துச் செல்வன் தோளில் ஏற்றிய முறை இது.

அடுத்தது பாங்குகளின் சீர்திருத்தம். 1907-ம் வருஷத்தில் நியூயார்க்கில் பாங்குகள் முறிந்து நாடு கலங்கியபோது, நாட்டின் பணப்புழக்கத்தைக் காத்தவர் மார்கன் என்னும் ஒரு தனி லேவாதேவிக்காரர். ஒரு பெரிய தேசத்தின் க்ஷேமம் ஒருவரது மனப்போக்கைச் சார்ந்திருத்தல் எத்துணை அபாயகரம்! 1913-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி கையொப்பமான ரிஸர்வ் பாங்குச் சட்டம், பன்னிரண்டு பிரதேச பாங்குகளையும் அவற்றின்மேல் வாஷிங்டனில் ஒரு மத்திய சபையையும் அமைத்தது. இன்றும் உலகத்தின் வட்டிவிகிதங்கள் அச்சபையின் முடிவை எதிர்நோக்கியே அசைகின்றன. 1914-ம் வருஷத்தில் ஏகபோக வியாபாரக் கூட்டுகளை அடக்கவும், வியாபார வஞ்சனைகளை விசாரிக்கவும் சட்டங்கள் தோன்றின. 1916-ம் வருஷத்தில் குடியானவர்க்குக் குறைந்த வட்டியிற் கடன், ரெயில்வே தொழிலாளர்க்கு எட்டுமணி வேலை, சிறு குழந்தைகளை ஆலைகளில் வேலை வாங்குவதைத் தடுக்கும் விதி ஆகியன வந்தன. இறுதியிற் கூறியதனை 1918-ம் வருஷத்தில் உன்னத நீதிஸ்தலம் செல்லாதென்று தள்ளிற்று. அந்நீதிஸ்தலத்துக்கு முதன்முதல் ஒரு யூதரை, பிராண்டீஸ் என்பாரை, பலர் எதிர்த்தும் பிடிவாதமாக நின்று நியமித்தவரும் வில்ஸனே. எட்டாண்டு ஆட்சியில் இத்துணைச் சட்டங்களை நிறைவேற்றினோர் அந்நாட்டு வரலாற்றில் வெகு சிலர்.

இவ்வளவும் நிகழ்ந்த அதே 1913-ம் வருஷத்தில், அதே வாஷிங்டன் நகரத்தில், சட்டசபையின் வாக்கெடுப்பின்றியே வேறொரு மாறுதலும் நிகழ்ந்தது. அமெரிக்கச் சர்க்கார் உத்தியோகங்களுக்கு 1883-ம் வருஷம் முதல் பரீக்ஷை முறை ஏற்பட்டிருந்தது. பரீக்ஷையில் தேறிய கறுப்பினத்தார் பலர் தபால், பொக்கிஷம், அச்சுக்கூடம் முதலிய இலாகாக்களில் குமாஸ்தாக்களாயும், சிலர் மேற்பார்வை அதிகாரிகளாயும் அமர்ந்து, வெள்ளையரோடு ஒரே அறையில் வேலை செய்து வந்தனர். அடிமையின் மகன் குமாஸ்தாவாகவும், அவன் மகன் வைத்தியனாகவோ வக்கீலாகவோ உயர்வதற்கும் அவ்வுத்தியோகமே முதற்படி. ஒரு சமூகத்துக்கு அத்தகைய படி எத்துணை அருமையானதென்பதை இப்பத்திரிகையின் வாசகர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1913-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மந்திரிசபையில், தபால் மந்திரி பர்ல்ஸன் இவ்விரு இனத்தாரையும் வேலையிற் பிரித்து வைக்க வேண்டுமென்றார். வில்ஸன் மறுத்திலர். பொக்கிஷ மந்திரி மக்கடூ, பின்னர் வில்ஸனுக்கு மருமகனானவர், தம் இலாகாவிலும் அவ்வாறே செய்தார். ஒரே அறையில் இருந்தோர்க்கிடையே தடுப்புத்தட்டிகள் எழுந்தன. உண்ணுமிடமும் மலஜலங்கழிக்குமிடமும் வேறாயின. மேற்பதவியிலிருந்த கறுப்பினத்தார் கீழிறக்கப்பட்டனர். 1914-ம் வருஷம் முதல் உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்போர் தம் போட்டோப் படத்தையும் உடன் அனுப்ப வேண்டுமென்ற விதி வந்தது. விண்ணப்பதாரின் நிறத்தைப் பரீக்ஷைத் தாள் காட்டாது, படம் காட்டும். அரசாங்க அச்சுக்கூடத்தில் முப்பதாண்டுகள் உழைத்து மேற்பார்வை நிலையை அடைந்திருந்த ஒருவர், வில்ஸன் பதவியேற்ற சின்னாட்களிற் படிப்படியாக இறக்கப்பட்டு, பாதிச் சம்பளத்தில் சேவகரைப்போலக் கடிதம் எடுத்துச் செல்லும் வேலைக்குத் தள்ளப்பட்டார். அவர் அரும்பாடுபட்டு வாங்கியிருந்த பண்ணை ஏலத்திற் போயிற்று. பரீக்ஷையிலாவது வேலையிலாவது அவர் தவறியதாக எவரும் சொல்லவில்லை.

டிராட்டர் என்னும் கறுப்பினப் பத்திரிகாசிரியர், இருபதினாயிரம் பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தோடு 1913-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஜனாதிபதியைக் கண்டார். ஆராய்வதாக விடை கிடைத்தது. ஓராண்டு கழிந்தும் நிலைமை மாறாமையால், 1914-ம் வருஷம் நவம்பரில் மறுபடி சென்றார். பிரித்து வைத்தது அவமதிப்பன்று, இரு இனத்தார்க்கும் இடையே பூசல் நேராதிருத்தற்கே என்று வில்ஸன் விளக்கினார். ஐம்பதாண்டுகளாக ஒருங்கிருந்து வேலை செய்தோரிடையே இப்பொழுது பூசல் எங்கிருந்து வந்ததென்று டிராட்டர் வினவினார். கேள்வி நேரியது, விடை கூறலாயிருந்தது. ஜனாதிபதியோ வந்தவரது பேச்சின் தோரணை தம்மை அவமதிப்பதாகச் சினந்து, அவரை வெளியேற்றினார். பின்னர்த் தாம் பொறுமையிழந்ததற்கு வருந்தினாரேயன்றித் தம் கொள்கைக்கு வருந்தினாரல்லர். கண்டனங்கள் மிகுந்தமையால் சில காரியாலயங்களில் அறிவிப்புப் பலகைகளை மாத்திரம் எடுத்தனர். 1915-ம் வருஷத்தில், கறுப்பினத்தாரைக் கொடியோராகவும் அவர்களைக் கொன்று திரிந்த முகமூடிக் கூட்டத்தாரை வீரராகவும் காட்டிய ஒரு சினிமாப் படம் ஜனாதிபதியின் மாளிகையிலேயே காட்டப்பட்டது. அப்படத்தை அவர் மின்னலோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தாரென்று பலரும் எழுதுவர். அதற்குத் தக்க சான்றில்லை. அவர் எழுதிய சரித்திர நூலின் வாசகங்கள் அப்படத்திலேயே எடுத்தாளப்பட்டன என்பது மாத்திரம் உண்மை.

பெண்டிரின் வாக்குரிமை விஷயத்தில் அவர் போக்கு வேறு. முதலில் அதனை ஆதரித்திலர். 1917-ம் வருஷம் ஜனவரி முதல் பெண்டிர் அவர் மாளிகை வாயிலிற் கொடி பிடித்து மௌனமாக நின்றனர், சிறை சென்றனர், உண்ணாவிரதம் பூண்டனர். 1918-ம் வருஷத்தில் அவர் மனம் மாறி, செனட் சபையில் தாமே சென்று அவ்வுரிமைக்காகப் பேசினார். 1920-ம் வருஷத்தில் அது சட்டமாயிற்று. ஆதலின் அவர் கருத்து எக்காலத்தும் மாறாத இரும்பன்று. கறுப்பினத்தார் விஷயத்தில் மாறவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டுவது.

யுத்த சரித்திரத்தைச் சுருங்கக் கூறுவேன். நாட்டை யுத்தத்தில் இழுத்துவிடாதவர் என்ற பெயரால் 1916-ம் வருஷத்தில் மறுமுறை வென்றார். 1917-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜெர்மனியோடு யுத்தம் தொடுத்தார். யுத்தத்தை எதிர்த்துப் பேசுவோரைத் தண்டிக்கச் சட்டங்கள் பிறந்தன. சமதர்மக் கட்சித் தலைவர் டெப்ஸ் ஒரு பிரசங்கத்துக்காகப் பத்து வருஷச் சிறை பெற்றார். யுத்தம் முடிந்த பின்னும் வில்ஸன் மன்னிக்க மறுத்தார். 1921-ம் வருஷத்தில் அவரை விடுவித்தவர் வில்ஸனுக்குப் பின் வந்த ஹார்டிங். சீர்திருத்தக்காரராகிய வில்ஸனைவிடச் சீர்திருத்தத்தில் நாட்டமில்லாத ஹார்டிங் இவ்விஷயத்தில் மேலாயினமை விந்தையே.

1918-ம் வருஷம் ஜனவரி 8-ந் தேதி வில்ஸன் வெளியிட்ட பதினான்கு அம்சங்கள் அடிமைப்பட்ட தேசங்களிலெல்லாம் நம்பிக்கையை எழுப்பின. நம் தமிழ்நாட்டிலும் அவர் பெயரை நம்பியோர் உண்டு. சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர், அதற்கு முன்னரே 1917-ம் வருஷம் ஜூன் மாதத்தில், இந்தியாவுக்குச் சுயாட்சி கிடைக்க உதவுமாறு வில்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதி அமெரிக்க நண்பர்வழி அனுப்பினார். அதற்காக இந்தியா மந்திரி கண்டித்தபோது, முதியவராகிய ஐயர் தம் ஸர் பட்டத்தைத் துறந்தார். வில்ஸனால் இந்தியாவுக்கு ஆனது ஒன்றுமில்லை. 1919-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பாரிஸில் சர்வதேச சங்கத்தின் விதிகளை வகுத்த குழுவில், எல்லாத் தேசத்தாரையும் சமமாக நடத்தும் கொள்கையைச் சேர்க்குமாறு ஜப்பானியர் பிரேரேபித்தனர். பதினேழு பேரிற் பதினொருவர் ஆதரித்தனர். தலைமை வகித்த வில்ஸன், யாவரும் ஒருமனதாக ஒப்பாமையால் அது நிறைவேறவில்லையென்று அறிவித்தார். பிரிட்டிஷார் எதிர்த்தமையால் வேறு வழியில்லை என்பர் சிலர். ஆனால் வேறு சில விஷயங்கள் அக்குழுவில் பெரும்பான்மையாலேயே முடிவாயின.

சர்வதேச சங்கத்தைத் தம் நாட்டார் ஏற்க வேண்டி 1919-ம் வருஷம் செப்டம்பரில் ரெயிலில் ஏறி ஊர் ஊராகப் பேசினார். உடல் தளர்ந்தது, அக்டோபர் 2-ந் தேதி பக்ஷவாதம் தாக்கிற்று. செனட் சபை உடன்படிக்கையைத் தள்ளிற்று. சமாதானத்துக்குரிய நோபல் பரிசு கிடைத்தது; சங்கத்தில் அமெரிக்கா சேரவேயில்லை. 1924-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி வாஷிங்டனில் உயிர் நீத்தார். அவருடைய மூத்த புதல்வி மார்கரெட் அம்மையார் 1938-ம் வருஷத்திற் புதுச்சேரி வந்து, ஸ்ரீ அரவிந்தாசிரமத்தில் நிஷ்டா என்னும் பெயர் பூண்டு வாழ்ந்து, 1944-ம் வருஷத்தில் அங்கேயே காலமானார் என்பதை நம்மவர் பலர் அறியார்.

இனி வழக்கிற்கு வருவோம். வில்ஸனுக்காக வாதிப்போர் கூறுவது யாதெனின்: சீர்திருத்தச் சட்டங்களுக்கு வாக்களித்தோரிற் பெரும்பகுதி தென்னாட்டுப் பிரதிநிதிகள், சுங்கச் சட்டத்துக்கு அலபாமாவின் அண்டர்வுட், பாங்குச் சட்டத்துக்கு வர்ஜீனியாவின் கிளாஸ், கூட்டுவியாபாரச் சட்டத்துக்கு அலபாமாவின் கிளேட்டன் ஆகியோரே கர்த்தாக்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு கறுப்பினத்தாரை ஆதரித்திருந்தால், யாதொரு சட்டமும் நிறைவேறியிராது. அக்காலத்தை இக்கால அளவுகோலால் அளத்தல் தகாது என்பர்.

இவற்றுள் முதற்கூற்றிற் பாதி உண்மையுண்டு. தென்னாட்டில் கறுப்பினத்தாரின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்தமையாற்றான் அப்பிரதிநிதிகள் அச்சபையில் அமர்ந்திருந்தனர் என்பதையும் உடன் சேர்த்துக் கூறின் அது முழு உண்மையாகும். ஆனால் தட்டிகளை எழுப்பும்படி எந்தச் சட்டமசோதாவும் கேட்கவில்லை. மந்திரிகளின் விருப்பத்தை மறுத்து ஒரு சொல் சொல்ல ஜனாதிபதியால் இயலும். பிராண்டீஸ் விஷயத்தில் எத்துணை எதிர்ப்பையும் தாங்கியவர் அவர். டிராட்டரிடம் அவர் கூறியது தென்னாட்டாருக்கு அஞ்சியன்று. தாம் நம்பியதையே கூறினார். காலத்தைக் காட்டிச் சொல்லும் வாதமும் நில்லாது. இருபதினாயிரவர் கையொப்பமிட்டதும், டுபாய்ஸ் தம் பத்திரிகையிற் பகிரங்கமாகக் கடிதம் எழுதியதும் அக்காலத்திலேதான். அவர்களும் அக்காலத்து மாந்தரே.

பெயரை அழித்தோரின் வாதத்திலும் ஒரு குறையுண்டு. வருமான வரியும் பாங்குச் சட்டமும் வஞ்சகமென்று அவர்களிற் சிலர் பேசுதல் பொருந்தாது. கறுப்பினத்தாரின் பேரப்பிள்ளைகளும் அவற்றின் பயனைத் துய்த்தனர். என் கருத்திற் புலப்படுவது இது: வில்ஸன் 1887-ம் வருஷத்திலேயே நிர்வாகக் கலையைக் குறித்துக் கட்டுரை வரைந்தவர், அரசாங்க காரியாலயம் திறமையாக நடந்தால் நாடு உயருமென்று நம்பியவர். அந்தக் காரியாலயத்தையே அவர் கெடுத்தார். பரீக்ஷையிற் தேறியவனை நிறம் பார்த்து இறக்குவது நிர்வாகச் சீர்திருத்தத்துக்கே நேர் விரோதம். ஆகவே அவருடைய பிழை சீர்திருத்தத்துக்குப் புறம்பான தனி மறு என்று ஒதுக்கத்தக்கதன்று; அச்சீர்திருத்தத்தின் நடுவிலேயே நேர்ந்தது.

அதன் பயன் எத்தனை காலம் நீடித்தது என்பதும் இப்பொழுது ஒருவாறு கணக்கிடப்பட்டிருக்கின்றது. அக்காலத்து உத்தியோகஸ்தர் பதிவேடுகளைப் பொருளாதார ஆசிரியர் இருவர் ஜனக்கணக்கோடு ஒப்பிட்டு 2022-ம் வருஷத்தில் ஆராய்ச்சி வெளியிட்டனர். கறுப்பினத்தார்க்கும் வெள்ளையர்க்கும் இடையே இருந்த சம்பள வேற்றுமை, வில்ஸனின் பிரிவினையால் மேலும் 3.4 முதல் 6.9 வரை சதவீதப் புள்ளிகள் விரிந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. விண்ணப்பத்தோடு போட்டோப் படம் அனுப்பும் விதி நீக்கப்பட்டது 1940-ம் வருஷத்தில். அதற்குள் வில்ஸன் இறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1913-ம் வருஷத்திற் கீழிறக்கப்பட்ட குமாஸ்தாக்களின் பிள்ளைகள் நடுவயதை எட்டியிருந்தனர்.